இரண்டாவது எலும்பு

நான் பள்ளிச் சீருடை தைப்பவன். இருபத்திரண்டு வருடமாக அளவு நாடாவோடு குடித்தனம். ஒரு பிள்ளை கடைப் படியேறும்போதே அதற்கு எந்தத் தோள் இறக்கம், எந்தப் பக்கம் பையை மாட்டுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, சொந்த மகள் இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பது கண்ணில் பட மூன்று வாரம் ஆனது. பள்ளி திறக்கும் சமயம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எட்டு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். "முட்டிக்கு மேல, உள்ளுக்குள்ள வலிக்குதுப்பா" என்றாள். தெரு முனை டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "வளர்ற வலி. எலும்பு வளருது, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனபோதும் எலும்பு வளர்ந்துகொண்டேதான் இருந்தது. நான் நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். ஆள் அரை அங்குலம்கூட வளரவில்லை. இடுப்புதான் இரண்டு அங்குலம் இளைத்திருந்தது.

அதனால் அவளுடைய பள்ளிப் பாவாடையின் உள்பக்கம், வலது இடுப்பில் ஒரு பொத்தானைக் கூடுதலாக வைத்துப் பட்டியை இழுத்து மாட்டினேன். இது என் கடையின் வழக்கம். ஒல்லிப் பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு பொத்தான் வைப்பேன். பிளாஸ்டிக் பொத்தான் துவைக்கும்போது உடையும் என்பதால் எஃகுப் பொத்தான், நான்கு துளை. ஒரு தொழிற்சாலையில் கழித்துப் போட்ட சரக்கை மூட்டையாக வாங்கியிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரு துளை மட்டும் சற்றே கோணலாக இருக்கும். மாட்டினால் தெரியாது. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே வழி கேட்க வேண்டியதே இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. ஒவ்வொரு துறைக்கும் தரையில் ஒரு வண்ணக் கோடு. கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் துறை வந்துவிடும். ரத்தத் துறைக்குச் சிவப்பு, எலும்புத் துறைக்கு வெள்ளை. தரையும் வெள்ளை. வாண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் என் மனைவியும் அந்தக் கோட்டைத் தேடி மூன்று முறை சமையலறைக்குப் போய்விட்டு வந்தோம்.

படம் எடுத்தார்கள். தொடையெலும்பின் கீழ்ப்பகுதி, பூச்சி அரித்த துணிபோல இருந்தது. அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எலும்பை அப்படியே சீவ முடியாதாம். திராவகத்தில் ஊறப்போட்டு மெதுவாக்க வேண்டுமாம். துணுக்கு ஊறிய நாளெல்லாம் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் எலும்புத் துறையின் சின்ன டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இளவயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இதுக்குப் பேர் லிம்போமா. நிணநீர்ல வர்ற புற்றுநோய். எப்பவாவது குழந்தைங்களுக்கு எலும்புலயே வந்து உக்காந்துக்கும்."

என் மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"பயப்படாதீங்க. இது மருந்துக்கு நல்லா கேக்கும். வெட்டவே தேவையில்லை" என்ற சின்ன டாக்டர், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆனா மருந்து ரத்தத் துறைல இருக்கு. நீங்க எலும்புத் துறைல இருக்கீங்க."

"கோட்டைப் பிடிச்சுக்கிட்டு அங்க போயிடறோம் டாக்டர்."

"கோடு போட்டது நடக்கறதுக்கு. பைல் போறதுக்கு விதி பதினாலு இருக்கு."

விதி பதினாலு சுருக்கமானது. குழந்தைக்கு ஓர் எலும்பில் மட்டும் நோய் இருந்தால் எலும்புத் துறை. ஒன்றுக்கு மேற்பட்ட எலும்புகளிலோ மஜ்ஜையிலோ இருந்தால் ரத்தத் துறை. ஒரு காலத்தில் இரண்டு துறைகளும் சண்டை போட்டு, ஏழு கூட்டம் நடத்தி, எண்ணிக்கை வைத்துப் பங்கு பிரித்துக்கொண்டார்களாம். என்ன நோய் என்பது விதியில் வரவில்லை. அதில் கருத்து வேறுபாடு வரும் என்று விட்டுவிட்டார்கள்.

மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி. வாண்டு அன்று அழுத அழுகை எனக்கு வேண்டாம். மறுநாள் முடிவை வாங்கக் குமாஸ்தாவின் ஜன்னலுக்குப் போனேன். அவர் தாளைப் பார்த்து முகம் வாடினார்.

"ஐயையோ, சுத்தமாவா இருக்கு?"

"சுத்தம்னா நல்லதுதானே சார்?"

"நல்லதுதான். ஆனா கொஞ்சம் இருந்திருந்தா இன்னைக்கே ரத்தத் துறைக்கு, ரத்தம் மேடம்கிட்ட போயிருக்கலாம். குடுத்து வைக்கலையே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனிதர். முத்திரையை மட்டும் ஓங்கிக் குத்தினார்: ஓர் எலும்பு.

எலும்புத் துறைத் தலைவரை எல்லாரும் எலும்பு சார் என்பார்கள். ஆறடி, அகன்ற தோள், கோட்டு அவருக்கு முதுகில் பிடித்தது. யார் தைத்ததோ, அக்குள் வெட்டு சரியில்லை. அவர் என்னிடம் அன்பாகத்தான் பேசினார்.

"இந்தத் துறைய முப்பத்தொரு வருஷமா நான் காப்பாத்திட்டு வர்றேன். இதுவரைக்கும் ஒரு எலும்பு வெளிய போனதில்ல. எலும்புக்குள்ள எவன் வந்து உக்காந்தாலும் அவன் என் வீட்டுல இருக்கான். புரியுதா? கீழ்த் தொடைய வெட்டி எடுத்துட்டுக் கம்பி வெச்சுடறேன். திங்கக்கிழமை."

"வளர்ற பிள்ளைங்க சார். கம்பி வளருமா?"

"வளராது" என்று ஒப்புக்கொண்டார். "அது கம்பியோட குறை. ஆபரேஷன்ல குறை இருக்காது."

ரத்தத் துறைத் தலைவியையும் போய்ப் பார்த்தோம். ரத்தம் மேடம் மெலிந்த, கண்டிப்பான அம்மாள். பரிசோதனை முடிவை எட்டத்தில் பிடித்துப் படித்தார். கையில் வாங்கினால் பைல் வந்ததாகக் கணக்காகிவிடுமாம். அதனால் என் மனைவிதான் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"மருந்துதான் குடுக்கணும். இதுல சந்தேகமே இல்ல" என்றார்.

"குடுத்துடுங்க மேடம்" என்றாள் என் மனைவி.

"மருந்து எங்கிட்ட இருக்கு. குழந்தை அவர்கிட்ட இருக்கு. நான் என்னம்மா செய்ய முடியும்?" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்து மனமிரங்கினார். "முழு உடம்புக்கும் படம் எடுத்துப் பாருங்க. புதன்கிழமை கூட்டம் இருக்கு. இன்னொரு எலும்புல ஏதாவது தெரிஞ்சா உடனே சேத்துக்கறேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். வாண்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அவள் விலாவை விரலால் தடவிக்கொண்டே, 'ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும். சின்ன எலும்பா இருந்தாலும் போதும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். என்ன வேண்டுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது. பெற்ற தகப்பன் கேட்கிற வரமா இது? பக்கத்தில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை.

படம் எடுக்கும் அறையில் குழந்தைகளுக்கான அங்கிகள் கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கடுக்காக இருந்தன. நல்ல தையல். பூட்டியிருந்தது.

"ஆய்வுக் குழு வருது. அங்கிய எடுத்தா கசங்கிடும்" என்றார் படம் எடுப்பவர். "பாவாடையோடயே படுக்கச் சொல்லுங்க." பிறகு சுவரில் இருந்த பலகையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். "சங்கிலி?"

"இல்லை."

"வளையல்? பெல்ட்? சாவி? கைக்கடிகாரம்? பொய்ப்பல்?"

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய்ப்பல் இல்லை என்றும் சொன்னேன். பலகை அதோடு முடிந்தது. பொத்தான் என்று அதில் எழுதவில்லை, அதனால் அவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பொத்தானோடு வாழ்கிற எனக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்குள் இருந்த அங்கிகளின் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமைக் கூட்டத்தின் பெயர் எலும்பு-ரத்த நல்லிணக்கக் கூட்டம். நீள மேசை, ஒரு பக்கம் எலும்பு, எதிர்ப்பக்கம் ரத்தம். தலைமை வகித்தவர் தோல் துறைக்காரர். எலும்பும் ரத்தமும் தோலுக்கு அடியில்தான் இருக்கின்றன, ஆகவே அவர் நடுநிலையானவர் என்று நியமித்திருந்தார்கள். பெற்றோருக்குக் கடைசியில் ஒரு பெஞ்சு. வாண்டுவைச் சின்ன டாக்டரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். தேநீர் முதலில் ரத்தத்தின் பக்கம் போனதற்கு எலும்பு சார் ஆட்சேபம் தெரிவித்து, அது குறிப்பில் ஏறிய பிறகு கூட்டம் தொடங்கியது.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். அதில் என் மகள் முழுக்க எலும்பாகப் படுத்திருந்தாள். படத் துறைத் தலைவர் எழுந்து அறிக்கையை வாசித்தார்.

"இடது தொடையெலும்பில் ஏற்கெனவே தெரிந்த நோய்த்தடம். தவிர, வலது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வட்டமான, தெளிவான ஓரமுடைய, நான்கு துளைகள் கொண்ட ஓர் அடர்த்தி. இது இரண்டாவது நோய்த்தடம் என்பதை மறுப்பதற்கில்லை."

நான் எட்டிப் பார்த்தேன். நான்கு துளை. ஒன்று சற்றே கோணல்.

என் கடையில் மூட்டையாகக் கிடக்கிற சரக்கு அங்கே விளக்கு வெளிச்சத்தில் தொங்குகிறது, அதைச் சுற்றிப் பதின்மூன்று டாக்டர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"என் அனுபவத்துல இவ்வளவு ஒழுங்கான நோயைப் பாத்ததில்ல" என்றார் ரத்தம் மேடம். "நாலு துளையும் அளவெடுத்து வெச்ச மாதிரி இருக்கு."

"நாலாவதைக் கவனிங்க" என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். "விலகிப் போகுது. அதுதான் பரவ ஆரம்பிச்சிருக்கு. ஆபத்தான துளை."

எலும்பு சார் எழுந்தார். "இடுப்பும் தொடையும் ஒட்டின எலும்பு. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே வீடுன்னு எடுத்துக்கலாம்."

"இது வலது இடுப்பு, அது இடது தொடை" என்றார் ரத்தம் மேடம்.

"எதிர் வீடுன்னு வெச்சுக்கங்களேன்."

வாக்கெடுப்பு நடந்தது. ஏழுக்கு ஆறு. இரண்டு எலும்பு என்று முடிவாயிற்று. அன்று மாலையே மருந்து. திங்கட்கிழமை ஆபரேஷன் ரத்து. தோல் துறைக்காரர் கடைசிப் பெஞ்சைப் பார்த்து, "குழந்தையோட அப்பா ஏதாவது சொல்ல விரும்பறாரா? சுருக்கமா" என்றார்.

எழுந்து நின்றேன். ஐயா, அது என் பொத்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எண்ணிக்கை ஒன்று. ஒன்றென்றால் திங்கட்கிழமை, கத்தி, வளராத கம்பி. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றேன்.

வெளியே வந்ததும் குமாஸ்தா ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு எலும்பாமே! ரொம்ப சந்தோஷம் சார்." என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பிலும் பரவிவிட்டதென்று அவள் நம்பியிருந்தாள். காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொத்தான் கெட்டியா இருக்கா? இன்னொரு தடவ நூல் போட்டுடுங்க" என்றாள்.

மருந்து ஏறியது. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். அவள் எதையும் விழுங்காத நாட்களில் அவள் தட்டின் முன்னால் நாங்களும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஆனால் கால்வலி பத்தே நாளில் பாதியாகக் குறைந்தது. மருந்து ஏற ஏற அந்த எலும்பு தேறுகிறது என்று சின்ன டாக்டர் எங்கள் வார்டுப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்.

மாதாமாதம் படம். மாதாமாதம் எண்ணிக்கை. இரண்டு இருக்கிற வரைக்கும்தான் ரத்தத் துறை. ஆய்வுக் குழு வந்தபாடில்லை, அங்கிகளும் கண்ணாடியை விட்டு இறங்கவில்லை. அதனால் அதே பாவாடை, அதே பொத்தான். வாண்டுவுக்கும் விஷயம் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவைத்திருந்தோம்.

"அப்பா, இந்தப் பொத்தானுக்கும் சேத்துத்தான் எனக்கு ஊசி போடறாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"இல்லடா. உன் காலுக்குத்தான்."

"பொத்தானுக்குப் போட்டா அது அழாதுல்ல. அதுக்கே எல்லாத்தையும் போடச் சொல்லேன்."

நூல்கண்டை எடுக்கிற சாக்கில் அடுத்த அறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதம் ஒரு கோளாறு நடந்தது. மாத்திரையால் அவளுக்கு முகமும் வயிறும் உப்பின. பாவாடையின் இடுப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் விட்டேன். கவனமில்லாமல் பொத்தானைப் புதுப் பட்டியோடு பின்னால் தள்ளித் தைத்துவிட்டேன். அந்த மாத அறிக்கையில், 'இரண்டாவது நோய்த்தடம் முதுகுத்தண்டை நோக்கி இரண்டு விரற்கடை நகர்ந்துள்ளது' என்று வந்தது. வார்டே அமளிப்பட்டது. எட்டு டாக்டர்கள் வந்து அவளைக் குப்புறப் போட்டு இடுப்பை அமுக்கினார்கள். வலிக்குதா, வலிக்குதா என்று அவர்கள் கேட்டபோது, "நீங்க அமுக்கறதுதான் வலிக்குது" என்றாள் வாண்டு. அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நாடா இல்லாமல் நான் பொத்தான் வைக்கவில்லை. தொப்புளிலிருந்து வலப்பக்கம் நாலேகால் அங்குலம், மேலே அரை. படத்துக்கு முதல் நாள் அளவெடுத்துப் பிரித்துத் தைப்பேன். வாழ்நாளில் வேறு எந்தப் பொத்தானையும் இவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை. மூன்றாம் மாத அறிக்கை, 'நகர்வு நின்றது. நோய்த்தடம் பழைய இடத்துக்கே திரும்பியுள்ளது. மருந்து சிறப்பாக வேலை செய்கிறது' என்றது. ரத்தம் மேடம் வார்டுக்கு இனிப்பு மிட்டாய் வாங்கி அனுப்பினார்.

அந்த மாதம்தான் வாண்டுவுக்கு ஒரு புது கவுன் தைத்தேன். என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"கீழ மடிப்பு எங்க?"

வளர்கிற பிள்ளைகளுக்குக் கீழே இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பது என் வழக்கம். அடுத்த வருடம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் விடுவேன்.

"துணி பத்தல" என்றேன்.

மிச்சத் துணி மேசை மேலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான்காம் மாதத்தோடு மருந்துக் கணக்கு முடிந்தது. படம் எடுத்தார்கள். அரித்த இடம் முழுக்கப் புது எலும்பு கட்டியிருந்தது. தொடை சுத்தம். சின்ன டாக்டர் கண்ணில் தண்ணீரோடு வந்து சொன்னார். நாங்கள் மூன்று பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குமாஸ்தா கையில் பைலோடு வந்து நின்றார்.

"தொடை போச்சு, ரொம்ப நல்லது. இப்ப மிச்சம் இடுப்பு. ஒண்ணுதான். விதி பதினாலுப்படி..." என்று இழுத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் முதல் நாளும் நாடா பிடித்து, நாலேகாலில், பொத்தானைப் பத்திரமாகத் தைத்து அனுப்பியிருந்தேன். இரண்டில் ஒன்று போனால் ஒன்று. ஓர் எலும்பு என்றால் எலும்புத் துறை.

எலும்பு சார் அன்று மாலையே வார்டுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"நான் அப்பவே சொன்னேன். மருந்து தொடைய ஏமாத்தலாம், இடுப்பை ஏமாத்த முடியாது. பாருங்க, நாலு மாசமா அந்த வட்டம் ஒரு நூல்கூட கரையல. எஃகு மாதிரி உக்காந்திருக்கு!" என்று என் தோளைத் தட்டினார். "இடுப்புல அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துடறேன். வியாழக்கிழமை. காலைல வெட்டறதுக்கு முன்னாடி ஒரு படம். அவ்வளவுதான்."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருப்பவன் மனிதனில்லை. நேராக ரத்தம் மேடம் அறைக்குப் போனேன். அவர் நிமிர்வதற்குள், "மேடம், அது பொத்தான்" என்றேன்.

"எது?"

"ரெண்டாவது எலும்பு. நான் தெச்ச பொத்தான். பாவாடைல உள்பக்கம் இருக்கு. முதல் கூட்டத்துலயே எனக்குத் தெரியும். சொல்லாதது தப்புதான். என்ன தண்டனை வேணாலும் குடுங்க. குழந்தை இடுப்புல மட்டும் கை வெக்க வேணாம்னு சொல்லுங்க." சட்டைப் பையிலிருந்து அதே மூட்டையைச் சேர்ந்த இன்னொரு பொத்தானை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. எட்டத்திலிருந்தே பார்த்தார். நான்காவது துளையை வெகுநேரம் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார். "நாலு மாசமா நான் ரெண்டாவது நோய்த்தடம் நிலையா இருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒரு பொத்தான் எப்படிங்க நிலையா இருக்கும்?"

"பொத்தான் அப்படித்தாங்க மேடம் இருக்கும்."

"நடுவுல அது நகர்ந்துச்சு."

"இடுப்பைப் பிரிச்சு விட்டேன் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் இதைக் கேக்கல. நீங்களும் சொல்லல. நீங்க சொன்னது நிஜம்னா, இந்த மருத்துவமனை நாலு மாசம் ஒரு பொத்தானுக்கு வைத்தியம் பாத்திருக்கு, பதிமூணு பேர் ஓட்டுப் போட்டிருக்காங்க. அதுல ஆறு பேர் அதுவும் தொடையும் ஒரே எலும்புன்னு நின்னாங்க. இதை எழுத எங்க பாரத்துல கட்டம் இல்ல. கண்டுபிடிச்ச நோயை இல்லைன்னு சொல்ல எங்களுக்கு வழியே கிடையாது."

"அப்ப என் பொண்ணு?"

"குணமாச்சுன்னு எழுத கட்டம் இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு பொத்தானை ஒரு பேனாவால் என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த பைலைத் திறந்தார்.

வியாழக்கிழமை காலை, படம் எடுக்கும் அறைக்கு வெளியே கைகழுவும் தொட்டியருகே வாண்டுவை நிறுத்தினேன். நூல் வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். மூன்று தடவை நூல் போட்டிருந்தேன், கெட்டியாக இருந்தது. வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். "அது எங்கப்பா போகுது?" என்று வாண்டு கேட்டாள். "குணமாயிடுச்சு" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே படம் எடுப்பவர் பலகையை வாசித்தார். சங்கிலி, வளையல், பெல்ட், சாவி, கைக்கடிகாரம், பொய்ப்பல். கடைசியில் பேனாவால் புதிதாக ஏதோ எழுதியிருந்தது. அதை வாசிக்குமுன் ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

"பொத்தான்?"

"இல்லைங்க" என்றேன்.

"இல்லாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

அன்றே அவசர நல்லிணக்கக் கூட்டம் கூடியது. படத்தில் எதுவுமே இல்லை. இடுப்பெலும்பு நிலாபோல வெறிச்சென்று இருந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"மருந்து தாமதமா வேலை செஞ்சிருக்கு" என்றார் ரத்தம் மேடம், என் பக்கம் திரும்பாமல்.

"நாலு மாசம் அசையாதது, நான் தேதி குடுத்த மூணாம் நாள் காணாமப் போயிருக்கு" என்று மேசையைத் தட்டினார் எலும்பு சார். "கத்தி வருதுன்னு கேட்டே ஓடியிருக்கு! வெட்டாமலே குணமாக்கின முதல் ஆபரேஷன் இதுதான். குறிப்புல ஏத்துங்க."

படத் துறைத் தலைவர் எழுந்து, முழுமையாகக் குணமாகியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை என்றார். பூஜ்யம் எலும்புக்கு விதி பதினாலில் எதுவும் சொல்லப்படவில்லை. குழந்தை எந்தத் துறைக்கும் சொந்தமில்லை என்று ஏகமனதாக முடிவாகி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று சின்ன டாக்டர் தன் கைப்பட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்றுதான் அங்கே எனக்கு விளங்கிய தாள்.

"குழந்தையோட அப்பா ஏதாவது சொல்ல விரும்பறாரா?" என்றார் தோல் துறைக்காரர்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா."

வாண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். மெதுவாகத்தான், நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து. நான் தூக்குகிறேன் என்றதற்குக் கையைத் தட்டிவிட்டாள். நானும் அவளும் என் மனைவியும் அன்று சாயங்காலம் வரை தூங்கினோம். எத்தனை நாள் அசதியோ.

மறுநாள் கடையைத் திறந்து முதல் வேலையாக அவளுக்குப் புதுப் பள்ளிப் பாவாடைக்குத் துணி வெட்டினேன். பொத்தான் டப்பாவில் மற்றவற்றோடு அந்தப் பொத்தானும் சேர்ந்துவிட்டது, எது எதென்று இனி எனக்கே தெரியாது. என் மனைவி வந்து, தைத்து முடித்த பாவாடையை எடுத்துக் கீழ்விளிம்பைப் புரட்டினாள். விரலை வைத்து அளந்தாள்.

"என்னங்க, நாலு அங்குலம் மடிச்சிருக்கீங்க? எல்லாருக்கும் ரெண்டுதானே விடுவீங்க?"

"துணி நிறைய இருந்துச்சு" என்றேன்.